தொட்டிலோடு கிடந்த தலைமுறை

மக்கள்தொகையைப் பெருக்க நினைத்த ருமேனியாவின் சௌசெஸ்கு அரசு, 1966-இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டது. வளர்க்க வழியற்ற பெற்றோர் பலர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அழுதால் தூக்கவோ, முகம் பார்த்துப் பேசவோ ஆளில்லை. பேச்சு பிந்தி, வளர்ச்சி குன்றி, தங்களைத் தாங்களே ஆட்டிக்கொண்டு பல பிள்ளைகள் கிடந்தார்கள். உணவைப் போலவே உறவும் குழந்தையின் மூளைக்கு அடிப்படைத் தேவை என்பதற்கு இந்த வரலாறே சாட்சி.

குறையோடு பிறந்த பிள்ளைகளைத்தானே இல்லங்களில் விட்டிருப்பார்கள் என்று சிலர் கேட்கலாம். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-க்குப் பின் நடந்த ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். அவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிடக் கூடியது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். பிறவிக் குறைதான் காரணம் என்றால், குலுக்கலில் பிரிந்த இரு குழுக்களுக்குள் இந்த வேறுபாடு வந்திருக்காது. ஆகவே கைவிடப்பட்ட குழந்தைக்குக் கட்டடம் போதாது. ஒரு மடி வேண்டும், அதுவும் சீக்கிரமே வேண்டும்.