பின்னாலிருந்து எண்ணியவர்

முப்பது வருஷம் ஆய்வகத்தில் திசு வெட்டிச் சாயமேற்றினவள் நான். சினைப்பையைக் குறுக்கே வெட்டினால் சில நேரம் பளிச்சென்று ஒரு மஞ்சள் உருண்டை தெரியும். கார்பஸ் லூட்டியம். கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, நாளுக்கு நாள் மாறி, கடைசியில் வெளுத்த தழும்பாகிவிடும். அதன் பருவம் பார்த்தே முட்டை வெளிவந்த நாளை ஏறத்தாழச் சொல்லலாம்.

ஜப்பானின் நீகாத்தா நகரில் மகளிர் மருத்துவர் கியூசாகு ஓகினோ செய்தது இதைத்தான். வயிற்று அறுவையின்போது சினைப்பையைக் கவனமாகப் பார்ப்பார். அந்தப் பெண்ணின் மாதவிலக்குத் தேதிகளோடு ஒப்பிடுவார். ஜெர்மனியில் ராபர்ட் ஷ்ரோடர் போன்றோர் முட்டை வெளிவரும் நாளை முந்தைய மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள். ஓகினோ அடுத்ததிலிருந்து பின்னோக்கி எண்ணினார். எவ்வளவு எளிய திருப்பம்! சுழற்சி நீண்டாலும் குறுகினாலும், அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்பு முட்டை வெளிவருகிறது என்றார். 1924இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார், 1930இல் ஜெர்மனில்.

உலகம் அதைக் கருத்தடைக் கணக்காகவே எடுத்துக்கொண்டது. ஓகினோவுக்கு அதில் உடன்பாடில்லை.

ஆய்வகத்தில் எனக்கும் ஒப்பிடத் தேதி வேண்டும். திசுவோடு வரும் படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி காலியாக இருந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாருங்கள் என்பேன்.