மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம்

உடல் எவ்வாறு இயங்குகின்றது, உண்ட உணவு யாதாகின்றது, குருதி எவ்வழி ஓடுகின்றது என்னும் வினாக்கள் கற்றோர்க்கு மட்டும் உரியன அல்ல. நோயுற்ற எவர் உள்ளத்திலும் அவை தம் தாய்மொழியிலேயே எழுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலோ, மேனாட்டு மருத்துவம் அவற்றிற்குக் கண்ட விடைகள் ஆங்கிலம் கற்ற சிலருக்கே எட்டின. அவற்றைத் தமிழில் வழங்க முற்பட்டவர் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

1822 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த கிறீன், 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் மருத்துவ நிலையம் அமைத்து, இளைஞர் சிலருக்கு மருத்துவம் கற்பிக்கவுந் தொடங்கினார். தொடக்கத்திற் பயிற்சிமொழி ஆங்கிலமே. ஆயின், ஆங்கிலங் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்தையும் நாடிச் செல்வதை அவர் கண்டார். தமிழிற் பயின்றவரே கிராமத்தில் நிலைத்து மக்களுக்குத் தொண்டு செய்வர் என்பது அவரது துணிபாயிற்று. தாயகஞ் சென்று 1862 இல் மீண்டு வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் போதிக்க ஏற்பாடு செய்தார்.

இதற்கு முதற்றடையாக நின்றது நூலின்மை. அதனை நீக்கக் கிறீன் தாமே தமிழைக் கற்றதோடு, தம் மாணவரையும் மொழிபெயர்ப்பில் ஈடுபடுத்தினார். 1867 இல் இரணவைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பனவும், 1875 இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. 1873 இல் அவர் தாயகந் திரும்பிய பின்னரும் பணி ஓயவில்லை. மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை ஆராயத்தக்கது. தமிழில் வழங்கும் சொல்லை முதலில் நாடுதல், அது கிடையாவிடின் வடமொழியைத் துணைக்கொள்ளுதல், அதுவும் இயலாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்து வழங்குதல் என்பன அதன் படிகளாகும். நூற்பெயர்களே இதற்குச் சான்று பகரும். உடலின் தொழிற்பாட்டைக் கூறும் சுகரணம் வடமொழிவழி அமைந்தது. இரசாயனத்தைக் குறித்த கெமிஸ்தமோ ஆங்கிலச் சொல்லே தமிழுருக் கொண்டதாகும்.

இச்சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. சுகரணத்தின் இடத்தை உடற்றொழிலியலும், கெமிஸ்தத்தின் இடத்தை இரசாயனவியலும் பெற்றுள்ளன. சொற்கள் பொருந்தாமையாலேயே முயற்சி தளர்ந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு கலைச்சொல் நிலைபெறுவது அதன் பிறப்பினால் அன்று, பயில்வோர் தொடர்ந்து வழங்குவதனாலேயாம். 1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலமொழி மூலம் தொடங்கப்பட்டது. அரச பதவியும் அங்கீகாரமும் அவ்வழியே கிடைத்தன. கிறீனுக்குப் பின்னர், தமிழ்வழிக் கல்வியைத் தாங்கத்தக்க நிறுவன வலு மானிப்பாயில் நிலைக்கவில்லை. நூல்கள் எஞ்சின, அவற்றைப் பயிலும் மாணவர் பரம்பரை அற்றது.

இருபதாம் நூற்றாண்டில் இலங்கைப் பாடசாலைகள் விஞ்ஞானத்தைத் தமிழிற் போதிக்கத் தலைப்பட்டபோது புதிய கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. அவை நிலைத்தமைக்குப் பாடநூலும் பரீட்சையும் ஆசிரியரும் ஒருங்கே அமைந்தமையே காரணமாகும். எனினும், உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிற் கற்கும் மாணவர், மருத்துவ பீடத்திற் புகுந்ததும் ஆங்கிலத்திற்கு மாறுகின்றனர். பட்டம் பெற்றபின் அவரிடம் வரும் நோயாளி கேட்பதோ தமிழில்தான். தம் உடலுக்கு நேர்ந்தது யாதென அவர் விளங்கிக்கொள்ளுமாறு கூறுதல் மருத்துவத்தின் ஒரு கூறே என்பதைக் கிறீன் நன்கு உணர்ந்திருந்தார். அவரது சொற்கள் மறையலாம். அவற்றை ஆக்கத் தூண்டிய தேவை மறையவில்லை.