புகைக்கூண்டை அடைத்தது யார்?

சமையலறைக்கு ஒரு சிம்னி வாங்கணும் என்று தங்கமணி சொல்லி ஆறு மாசம் ஆகியிருந்தது. நானும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஆறு மாசம் ஓட்டியிருந்தேன். பேங்க்கில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஃபைலை நிலுவையில் வைப்பது கைவந்த கலை.

டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. சமையலறை எட்டுக்குப் பத்து அடி. ஒட்டினாற்போல் ஹால். ஹால் ஓரத்து திவானில் அம்மா. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காய்ந்த மிளகாய் தாளித்தால் போதும், அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் விடாது. பனிக்காலத்தில் இன்னும் மோசம். டெல்லித் தெருப் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால், உள்ளே இருக்கும் புகை உள்ளேயே சுற்றும்.

டாக்டரிடம் போனோம். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, நுரையீரல் அடைப்பு நோய், சிஓபிடி என்றார். "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "விறகடுப்பில் எத்தனை வருஷம் சமைத்தார்?" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். பத்து வயசில் அடுப்பு ஊத ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது 1996-ல். விரல் விட்டு எண்ணிவிட்டு, "முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும் தம்பி. எல்லாரும்தானே ஊதினோம்" என்றாள்.

எல்லாரும்தான் ஊதினார்கள். அப்படியானால் இது யார் கண்ணிலும் படவில்லையா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். நான் படித்தது பி.காம்; டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. கணக்குப் புத்தகம் படிக்கிற மாதிரிதான் இதையும் படித்தேன்.

கண்ணில் படாமல் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். அந்த இடத்துக்கு மகன்வாடி என்று பெயர். அங்கேதான் 1947 வாக்கில் 'மகன் சூல்ஹா' என்ற அடுப்பு உருவானது. மண் அடுப்புதான், ஆனால் புகை வெளியே போக ஒரு குழாய் உண்டு. அடுத்து ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ்.பி. ராஜு. புகையில்லாத அடுப்பு பற்றி அவர் எழுதிய 'ஸ்மோக்லெஸ் கிச்சன் ஃபார் தி மில்லியன்ஸ்' 1953-ல் சென்னையில் அச்சானது. ஏழைப் பெண்ணுக்குப் புகை, கரி, சூடு, விரயம், தீ விபத்து என்ற ஐந்திலிருந்தும் விடுதலை வேண்டும் என்பது அவர் கட்சி. கவனியுங்கள்: அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது புகை.

1959-ல் டெல்லியிலிருந்து ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. எழுதியவர் டாக்டர் எஸ். பத்மாவதி, கூட பதக் என்ற டாக்டர். பத்மாவதி பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கோயம்புத்தூருக்கு அகதியாக வந்த குடும்பம். நுரையீரல் கெட்டு அதனால் இதயம் பழுதாகும் நோய் பற்றி 127 பேரை வைத்து எழுதிய கட்டுரை அது. சிகரெட் பிடிக்கும் ஆண்களின் நோய் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொன்னது, டெல்லியில் ஆண்களுக்கு ஈடாகப் பெண்களுக்கும் வந்திருந்தது. இவர்கள் எங்கே புகை பிடித்தார்கள் என்று தேடினால், வந்து நிற்கிற இடம் அடுப்படி.

1959! என் அம்மாவுக்கு அப்போது ஐந்து வயசு. அடுப்பு ஊத ஆரம்பிக்க இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகத்துக்கே விறகைப் பற்றிய கவலை வந்தது. காடு அழிகிறதே என்று எல்லாரும் பேசினார்கள். நல்ல அடுப்பு என்றால் குறைவாக விறகு தின்னும் அடுப்பு என்று அர்த்தம் மாறிப்போனது. ராஜுவின் பட்டியலில் முதலில் இருந்த புகை பின்வரிசைக்குப் போய்விட்டது.

கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1980-களின் தொடக்கத்தில் குஜராத்தில் நான்கு கிராமங்களுக்குப் போய், சமைக்கும் பெண்கள் மேலேயே காற்றை அளக்கும் கருவியை மாட்டி அளந்தார். சமைக்கும் நேரத்தில் அவர்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் தூசு. பத்மாவதி ஆஸ்பத்திரியில் பார்த்ததை இவர் அடுப்படியில் எண்ணாக்கினார். (இருவரும் 2020-ல் காலமானார்கள். பத்மாவதிக்கு 103 வயசு.)

1980-களில் மத்திய அரசு 'தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம்' கொண்டுவந்தது. 2002-ல் கைகழுவும் வரை 3 கோடிக்கும் மேல் அடுப்பு. எண்ணிக்கையில் குறையே இல்லை. டார்கெட் என்று ஒன்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று பேங்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மார்ச் 31-க்குள் கணக்கில் ஏறிவிடும். ஏப்ரலில் போய்ப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். குழாய் விரிசல் விட்டது, கரி அடைத்தது, புகை பழையபடி வீட்டுக்குள்ளேயே திரும்பியது.

ஒடிஷாவில் 44 கிராமங்களில் பின்னாளில் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார்கள். ஹன்னா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் 2012-ல் வெளியிட்டது. முதல் வருஷம் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. போகப் போக அந்தப் பலன் மறைந்துவிட்டது. காரணம், அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஜெயித்த அடுப்பு, சமையலறையில் தோற்றது.

கேஸ் கதை தெரிந்ததுதான். 1955-ல் பர்மா ஷெல் பம்பாயில் ஆரம்பித்தது. இண்டேன் 1965-ல் கல்கத்தாவில். கிராமத்துக்கு வர எத்தனை காலம்! எங்கள் அப்பா பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். தமிழ்நாட்டில் 2007-ல் இலவச எரிவாயு அடுப்பு, 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா என்று பிறகுதான் வேகம் பிடித்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 58.6 சதவீதம். மீதி வீடுகளில் இன்னமும் யாரோ ஊதிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு படித்த மேதாவி சிம்னி வாங்கக் கீர்த்தி நகர் போனபோது என்ன செய்தான் தெரியுமா? எக்ஸெல் ஷீட் போட்டான். விலை, வாரண்டி, உறிஞ்சும் சக்தி, மின்சாரம் என்று நான்கு பத்தி. கடைசியில் குழாயே இல்லாத மாடலைத் தேர்ந்தெடுத்தான். சுவரில் ஓட்டை போட வேண்டாம், அசோசியேஷனில் அனுமதி கேட்க வேண்டாம், செலவும் கம்மி.

தங்கமணி ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, குழாய் இல்லேன்னா புகை எங்க போகும்?"

நியாயமான கேள்வி. அந்த மாடலில் எண்ணெய்ப் பிசுக்கை ஃபில்டர் பிடிக்கும், வாசனையைக் கரி பிடிக்கும், அந்தக் காற்றே திரும்ப வீட்டுக்குள் வரும். சூடும் ஈரமும் கேஸ் எரிவதால் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வெளியே போகாது. அம்மா படுத்திருப்பது பத்தடி தள்ளி.

அப்புறம் அவளே தேர்ந்தெடுத்தாள். நான் கணக்கு மட்டும் போட்டேன். எட்டு, பத்து, பத்து அடி என்றால் 800 கன அடி, சுமார் 23 கன மீட்டர். மணிக்குப் பதினைந்து முறை காற்று மாற வேண்டுமென்றால் 345 கன மீட்டர் போதும். கடையில் 1200 என்று எழுதியிருப்பது குழாய் மாட்டாமல் அளந்தது. ஒவ்வொரு வளைவும் அதைத் தின்னும். அதனால் ஆறு அங்குலக் குழாய், குட்டையாக, வளைவு ஒன்றோடு. அகலம் அடுப்பை விடக் குறையக்கூடாது. உயரம் அடுப்பிலிருந்து 65-75 சென்டிமீட்டர். நம் தாளிப்புக்கு வலை ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பட்டை பட்டையாக இருக்கும் பேஃபிள் ஃபில்டர் தேவலை. அதையும் கடையிலேயே அவளைக் கழற்றி மாட்டச் சொன்னோம். இரண்டு நிமிஷம் ஆனது. சத்தமும் கேட்டுப் பார்த்தாள். காது வலித்தால் யாரும் போட மாட்டார்கள், போடாத சிம்னி சுவர் அலங்காரம்தான். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர, எதிர்ப்பக்க ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று: சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனம், தரையில் தேங்கும். கசிந்தால் சிம்னி காப்பாற்றாது. அப்போது எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறப்பதே வழி.

அசோசியேஷனில் முன்பக்கச் சுவரில் ஓட்டை கூடாது என்றார்கள். பின் பால்கனி வழியாக விட்டோம். குழாய் ஐந்தடி.

மாட்டிய அன்று அம்மா வந்து பார்த்தாள். "நம்ம வீட்டுலயும் புகைக்கூண்டு இருந்துச்சு தம்பி. மழைக்கு ஒழுகுதுன்னு உங்க தாத்தா தகரம் வச்சு அடச்சுட்டாரு" என்றாள். தாத்தா ஒரு நாளும் அடுப்படிக்குள் நின்றவர் இல்லை. அவருக்கு ஒழுகல்தான் தெரிந்தது. அரசாங்கத்துக்கு விறகு தெரிந்தது, எனக்கு விலை தெரிந்தது.

இப்போது தாளிக்கும்போது இருமல் குறைவு. ஆனால் போன நுரையீரல் போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. காலையும் மாலையும் இன்ஹேலர்.

ஊரில் அம்மா இருந்தால் இன்று ஃபோன் போட்டு, எத்தனை வருஷம் அடுப்பு ஊதினீங்க என்று கேட்டுப் பாருங்கள். பதிலைப் பின்னூட்டத்தில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.