மார்பகத்தைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை: அது வந்த வழி



சென்ற மாதம் எமது பெண்கள் நேரத்தில் பிடரி உளைவு, தோள்மூட்டு நோ பற்றிப் பேசியிருந்தோம். நிகழ்ச்சி முடிந்த கையோடு மூன்று சகோதரிகள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மூவரும் பெயர் சொல்லவில்லை. கேட்டது ஒரே கேள்வி: மார்பைச் சிறிதாக்கும் ஒப்பரேசன் செய்தால் என்ன நடக்கும்?

2003 இல் இங்கே டென்மார்க்கில் அதைச் செய்துகொண்டவள் நான். ஆகவே பதில் சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் வரலாற்றிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். வைத்தியர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லும் எச்சரிக்கைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறைகிறது. எனக்கு அப்படித்தான் குறைந்தது.

மார்பைச் சிறிதாக்குவது பற்றி எழுதப்பட்ட பழைய குறிப்பு பெண்களைப் பற்றியது அல்ல. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏஜினாவின் போல் என்ற கிரேக்க வைத்தியர், ஆண்களுக்குப் பெண்களைப் போல் மார்பு வளர்ந்தால் அதை எப்படி வெட்டி எடுப்பது என்று விளக்கியிருக்கிறார். மார்புக்குக் கீழே பிறை வடிவில் ஒரு வெட்டு, உள்ளே உள்ளதை எடுத்துவிட்டுத் தையல். ஆண்களுக்கு அது வெட்கக்கேடு என்பதால் வைத்தியம் இருந்தது. பெண்களின் பாரத்தை யாரும் நோயாக எண்ணவில்லை.

1669 இல் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரத்து வைத்தியர் வில்லியம் டர்ஸ்டன், லண்டன் றோயல் சொசைற்றிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓர் இளம்பெண்ணின் மார்புகள் திடீரெனப் பெருக்கத் தொடங்கி, அவள் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் போய்விட்டாள். அவள் இறந்த பின் ஒரு பக்க மார்பை நிறுத்துப் பார்த்தபோது 64 இறாத்தல். கிட்டத்தட்ட 29 கிலோ. உயிரோடு இருந்தபோது அவளுக்குச் செய்யக்கூடியது எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. மயக்க மருந்தும் இல்லை, கிருமி பற்றிய அறிவும் இல்லை.

ஈதர் மயக்கம் 1846 இல் பொஸ்டனில் பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்டது. பேர்லினைச் சேர்ந்த டீஃபன்பாக், தழும்பு மார்பின் கீழ் மடிப்புக்குள் மறையும்படி மார்பைக் குறைத்த முறை 1848 இல் வெளியான அவருடைய நூலில் இருக்கிறது. அவர் மூக்கு அமைப்பதில் பேர்பெற்றவர். மூக்குக்கும் மார்புக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது, அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து வந்தது.

1792 இல் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவரைத் திப்பு சுல்தானின் படையினர் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். பின்னர் பூனாவில் ஒரு நாட்டுவைத்தியர் அவரது நெற்றித் தோலை இலை போல வெட்டி, கீழே புருவத்துக்கிடையில் மட்டும் அறுக்காமல் விட்டு, அதைத் திருப்பி மூக்காகத் தைத்தார். 1794 இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் இது படத்தோடு வந்தது. நுட்பம் அந்த அறுக்காமல் விட்ட இடத்தில்தான் இருக்கிறது. கொடியில் தொங்கும் பூசணிக்காயை எந்தப் பக்கம் திருப்பினாலும் காம்பு அறாதவரை அது வாடாது. தோலும் அப்படியே. இரத்தம் வரும் காம்பை விட்டுவைத்தால் அது புது இடத்தில் உயிர் பிடிக்கும்.

மார்பைக் குறைக்கும்போது வைத்தியர்களுக்கு இருந்த பெரிய சிக்கலும் இதுவே. கொழுப்பையும் சுரப்பியையும் வெட்டி எடுப்பது கடினமல்ல. கீழே இறங்கிவிட்ட முலைக்காம்பை உயிரோடு மேலே கொண்டுவருவதுதான் கடினம். 1922 இல் சிக்காகோவைச் சேர்ந்த மக்ஸ் தோரெக் நேரான வழியொன்றைக் காட்டினார்: முலைக்காம்பை முற்றாக வெட்டி எடுத்து, மார்பைச் சிறிதாக்கிய பிறகு தோல் ஒட்டுவது போல மேலே ஒட்டிவிடுவது. பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உணர்ச்சி போய்விடும், பாலூட்டவும் முடியாது. மிகப் பெரிய மார்புகளுக்கு இன்றும் சிலவேளை இந்த வழிக்கே போகிறார்கள். 1930 இல் ஸ்வார்ட்ஸ்மான், முலைக்காம்பைச் சுற்றியுள்ள மேல்தோலை மட்டும் நீக்கி அடித்தோலை விட்டுவைத்தால் அதன் வழியாக இரத்தம் ஓடும் என்று காட்டினார். பூனாவின் காம்பு, வேறு இடத்தில்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு 1956 நன்றாகப் பிடிக்கும். அமெரிக்க வைத்தியர் றொபேட் வைஸ், மார்புக் கச்சை வெட்டும் கடதாசி அச்சைப் பார்த்தே தன் வெட்டுக் கோடுகளை வகுத்தார். தட்டையான துணியில் ஒரு முக்கோணத்தை எடுத்துவிட்டு இரண்டு விளிம்பையும் சேர்த்தால் கிண்ணம் வருமல்லவா? பிளவுஸுக்கு நாங்கள் பிடிக்கும் 'டாட்' அதுதான். நங்கூரம் போன்ற தழும்பு, அதாவது முலைக்காம்பைச் சுற்றி ஒன்று, அதிலிருந்து கீழே ஒன்று, மடிப்பு வழியாக ஒன்று, அந்த அச்சிலிருந்து வந்தது. 1960 இல் எங்கள் அயல்நாடான சுவீடனின் ஸ்ட்ரோம்பெக், முலைக்காம்பை இரு பக்கமும் காம்பு விட்டு மேலே நகர்த்தும் முறையை வெளியிட்டார். எழுபதுகளில் கீழ்ப்பக்கக் காம்பு முறை வந்தது. கீழ்மடிப்புத் தழும்பைக் குறைக்கும் முறைகள் பிற்பாடு பரவின.

இனி எங்கள் கதைக்கு வருவோம். நான் 1989 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். 1987 இல் அப்போதைய நீதியமைச்சர் நின்-ஹான்சன் தமிழர்களின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்ததும், அதுவே 'தமிழர் வழக்கு' ஆகி 1993 இல் ஓர் அரசாங்கத்தையே வீழ்த்தியதும் நீங்கள் அறிந்ததே. அப்படிக் காத்திருந்து வந்த பெண்கள் நாங்கள். வந்த இடத்தில் எதற்கும் குறை சொல்லக்கூடாது என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது. துப்புரவு வேலை. தோளில் கச்சைப் பட்டி விழுந்த இடம் விரல் வைக்கும் ஆழத்துக்குப் பள்ளம். கோடையில் மார்பின் கீழே வெந்து புண்.

வைத்தியரிடம் போனால் மொழிபெயர்ப்புக்கு வந்தவர் அடுத்த தெரு அண்ணர். அவருக்கு முன்னால் என்ன சொல்வது? "நெஞ்சு பாரமாக இருக்குது" என்றேன். அவர் அதை அப்படியே டெனிஷில் சொன்னார். எனக்கு இருதயப் பரிசோதனை செய்தார்கள்! இருதயம் நன்றாகத்தான் இருந்தது. இப்படியே பத்து வருடம் வலி மாத்திரை. பிறகு நானே டெனிஷ் பேசப் பழகி, ஒரு பெண் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினேன். அவர்தான் முதலில் விஷயத்தைப் பிடித்தார். எங்கள் மொழியில் இந்த உறுப்புக்குக் கூச்சமில்லாத ஒரு சொல் பேச்சு வழக்கில் இல்லாமல் போனது எவ்வளவு செலவு வைக்கிறது பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பன்னிரண்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 2018 ஜூலையில் மூன்று வருடத்துக்கு மேல் வதிபவர்களுக்கு மொழிபெயர்ப்புக் கட்டணம் கொண்டுவந்தபோது பலர் மறுபடியும் பிள்ளைகளையே நாடியதைக் கண்டிருக்கிறேன்.

வழி இதுதான்: மஞ்சள் அட்டையோடு குடும்ப வைத்தியர், அவரிடமிருந்து 'ஹென்விஸ்னிங்', பிறகு பொது வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு. உடல் உபாதைக்காகத் தேவை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால் கட்டணம் இல்லை. அழகுக்காக என்றால் கைக்காசு. உயரத்துக்கேற்ற நிறை, எடுக்க வேண்டிய அளவு, புகைத்தல் எல்லாம் பார்ப்பார்கள். நிறையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. அது அவமதிப்பு அல்ல. புகைத்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கும், அந்தக் காம்பு பட்டினி கிடக்கும், தோல் கறுத்துப்போகும்.

அன்று காலை என்னை நிற்கவைத்துப் பேனாவால் கோடு கீறினார்கள். படுத்தால் மார்பு இடம் மாறிவிடும் என்பதால் நிற்கவைத்தே கீறுவார்கள். ஒளிப்படமும் எடுத்தார்கள், முகம் வராமல். மூன்று மணித்தியாலம் அளவில் மயக்கத்தில் இருந்தேன். வெட்டி எடுத்ததை நிறுத்துப் பார்த்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். நான் இரண்டு இரவு தங்கினேன். இப்போது பலர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார்கள். வலி நான் பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் கையை உயர்த்தித் தலை இழுக்க முடியவில்லை. இறுக்கமான கச்சையை இரவு பகலாகப் போட வேண்டும். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். தண்ணீர்ச் சருவம், பேரப்பிள்ளை, அரிசி மூட்டை எல்லாம் இதற்குள் அடங்கும். கோடுகள் சந்திக்கும் மூலையில் எனக்குச் சிறு புண் திறந்து ஆற ஐந்து கிழமை ஆனது. அது பலருக்கும் வருவது.

தழும்பு போகாது. முதல் வருடம் தடித்துக் கருஞ்சிவப்பாக இருக்கும், பிறகு மங்கும். எங்களைப் போன்ற கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடம் தடித்தவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு பக்க முலைக்காம்பில் எனக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்பியது, மறுபக்கம் அரைவாசிதான். காம்பை விட்டுவைக்கும் முறைகளில் பலர் பிறகு பாலூட்டியிருக்கிறார்கள், ஆனால் போதிய பால் வரும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். இளம்பெண்கள் மார்பு வளர்ச்சி நிற்கும்வரை பொறுப்பது நல்லது. தொலைபேசியில் ஒரு தாய் கேட்டார், "கலியாணம் பேசேக்க இதைச் சொல்ல வேணுமோ?" அது மகளின் உடம்பு, மகள் முடிவெடுக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

எல்லோரும் கேட்கும் இன்னொன்று புற்றுநோய். இதில் டென்மார்க்குக்கே ஒரு சிறப்பு உண்டு. 1968 இல் வந்த சி.பி.ஆர். இலக்கமும் 1977 இல் தொடங்கிய தேசிய நோயாளர் பதிவேடும் இருப்பதால், யாருக்கு எப்போது என்ன செய்யப்பட்டது என்பதைப் பின்தொடர முடிகிறது. அந்தப் பதிவுகளிலிருந்து, மார்பகம் குறைத்துக்கொண்ட ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 1997 இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களிடையே மார்பகப் புற்றுநோய் எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே இருந்தது. இதற்காக மட்டும் ஒப்பரேசன் செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஒப்பரேசன் புற்றுநோயைக் கொண்டுவரும் என்ற ஊர்ப்பேச்சுக்கு இது போதுமான பதில். 50 முதல் 69 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் மமோகிராபி அழைப்பை மட்டும் தவறவிடாதீர்கள். போகும்போது சத்திரசிகிச்சை செய்த வருடத்தை அங்குள்ளவரிடம் முதலே சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தழும்பு படத்தில் கட்டி போலத் தெரியக்கூடும்.