தென் கரோலினா

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கில் அட்லாண்டிக் கடலை ஒட்டிய மாநிலம். பரப்பு சுமார் 82,900 ச.கி.மீ.; தலைநகர் கொலம்பியா. வடமேற்கில் புளூ ரிட்ஜ் மலைகள். அங்கிருந்து நிலம் செம்மண் மேடாக இறங்கி, கடலோரத்தில் சதுப்பும் தீவுகளுமாக முடிகிறது.

கட்டாபா, செரோக்கி, யமாசி முதலியோர் இங்கு வாழ்ந்த பழங்குடியினர். ஸ்பானியரின் சாந்தா எலேனா குடியிருப்பு (1566–1587) நிலைக்கவில்லை. 1670இல் ஆங்கிலேயர் சார்லஸ்டனை நிறுவினர்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெல் வேரூன்றியது. மடகாஸ்கரிலிருந்து வந்த கப்பல் ஒன்று விதைநெல்லைத் தந்தது என்பது பழைய வழக்கு. விதை எப்படி வந்திருந்தாலும், சாகுபடி நுட்பம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளுடையது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். அப்பங்களிப்பின் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. விதையைக் குதிகாலால் மண்ணில் அழுத்தியவர்களும், உரலில் குத்திப் புல்லால் முடைந்த முறத்தில் புடைத்தவர்களும் அந்த அடிமைகளே என்பதில் ஐயமில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கழனிகள் கடல் ஓதத்தை நம்பி அமைந்தன. ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றின் நன்னீரை மேல்நோக்கித் தள்ளும். அப்போது மரமதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவார்கள், ஓதம் இறங்கும்போது வடிப்பார்கள். உவர்நீர் எட்டும் முன் மதகை அடைக்கத் தவறினால் பயிர் கருகும். மலேரியா மலிந்த சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று கழனிகளின் கரைகளை எழுப்பியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. பண்ணையாரின் வரவுசெலவுகள் மட்டும் ஏராளமாக எஞ்சியுள்ளன.

1708 வாக்கிலேயே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாகியிருந்தனர். 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் எழுந்த அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1860இல் சுமார் 7 லட்சம் மக்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்த மாநிலம் இதுவே. தொடர்ந்த உள்நாட்டுப் போரில், 1863இல், அடிமைத்தனத்திலிருந்து தப்பியவரான ஹாரியட் டப்மன் வழிகாட்டிய ஒன்றியப் படகுகள் கொம்பாஹி ஆற்று நெற்பண்ணைகளிலிருந்து 700க்கும் மேற்பட்டோரை மீட்டன. 1865இல் கொலம்பியா எரிந்ததற்குப் பின்வாங்கிய, பிரிந்த மாநிலங்களின் கூட்டமைப்புப் படை காரணமா, நுழைந்த ஒன்றியத் தளபதி ஷெர்மனின் படை காரணமா என்பது இன்றும் சர்ச்சைக்குரியது.

அடிமைமுறை ஒழிந்ததும் நெற்பண்ணைகள் நலிந்தன. 1893, 1911ஆம் ஆண்டுப் புயல்கள் எஞ்சியவற்றையும் சிதைத்தன. தீவுகளில் வாழும், அந்த அடிமைகளின் வழித்தோன்றல்களான கல்லா (Gullah) மக்கள் புற்கூடை முடைவதை இன்றும் தொடர்கின்றனர்.

20ஆம் நூற்றாண்டில் மேட்டுநிலத்தில் நெசவாலைகளும் பின்னர் கார் தொழிற்சாலைகளும் வளர்ந்தன. 2015இல் மாநிலச் சட்டமன்ற வளாகத்திலிருந்து கூட்டமைப்புக் கொடி அகற்றப்பட்டது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 51 லட்சம்.