நுகர்வோரும் பயனீட்டாளரும்

பொருள் வாங்குவோரைத் தமிழகத்தார் ‘நுகர்வோர்’ என்பர். மலேசியத் தமிழர் ‘பயனீட்டாளர்’ என்பர். நுகர்தல் துய்த்தலைக் குறிக்கும். பயனீட்டாளர் என்பதோ பயனை ஈட்டுபவர் எனப் பொருள்படும். முன்னது துய்ப்பை நினைவூட்டும். பின்னது பொறுப்பை நினைவூட்டும். இவ் வேறுபாடு சொல்லளவில் நின்றதா, செயலிலும் உண்டா என்பது ஆராயத் தக்கது.

இச் சொல்லைப் பெயரிலேயே தாங்கியது, 1970ஐ ஒட்டி எழுந்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். 2019 இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அதனை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தினார். பினாங்கு இயக்கத்தில் வளர்ந்த அன்வர் பசால், 1978 இல் அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவரானார். ஐக்கிய நாட்டு மன்றம் 1985 இல் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிகளை ஏற்றது; 1999 இல் அவற்றுள், வருங்காலத்தார்க்கும் எஞ்சுமாறு அளவறிந்து பயன்படுத்தும் நெறியையும் சேர்த்தது.

நெறி நடைமுறையானதற்குப் பினாங்கே சான்று. அங்கு 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவச நெகிழிப்பை நிறுத்தப்பட்டது. 2011 ஜனவரி முதல் எந்நாளும் இல்லையாயிற்று. வேண்டுவோர் 20 சென் கொடுத்தனர். அப் பணம் வறியோர் நிதிக்குச் சென்றது. ஆணை அரசினது; நடத்தியவை அங்காடிகள்; வற்புறுத்தியது சங்கம்; துணிப்பையோடு சென்றவர் மக்கள். இந் நால்வருள் ஒருவர் விலகினும் பணி முற்றுப்பெறாது.

நம் ஜொகூரில் 2015 செப்டம்பர் முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்கும் முறை நடப்பிலுள்ளது. இங்கும் அரசு, நிறுவனம், குடும்பம் என மூவர் கூட்டு உண்டு. ஆயினும் பிரித்தல் கடைப்பணி, குறைத்தலே முதற்பணி.

“தோட்டத்து முன்னோர் துணிப்பையும் தூக்குச்சட்டியும் கொண்டே கடைக்குச் சென்றனரே, அவர் சிக்கனம் எங்கே போயிற்று?” என்பார் உளர். அது பெரும்பாலும் வறுமை கற்பித்த சிக்கனம். கையிற் காசு புரண்டதும் அது அகன்றது. எம் பள்ளி விழாவொன்றில் ஒருவேளை உணவுக்குப்பின் குவிந்த நெகிழித் தட்டுகளைக் கண்டு நானே நாணினேன். அவற்றை வாங்க ஒப்பமிட்டவனும் நானே. மறு ஆண்டு மாணவர் வீட்டுத் தட்டுகளையே கொண்டுவந்தனர்; பெற்றோர் முறைவைத்துக் கழுவினர்.

வள்ளுவர் அளவறிந்து வாழ்தலை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தார். அளவறிதல் வறியோன் கட்டாயமன்று, வலிமையுடையோன் அறிவு என்பது அதனாற் பெறப்படும். அவ் வறிவை ஊட்டும் கடன் ஆசிரியராகிய நமக்குரியது. அரசும் அங்காடியும் தம் பங்கைச் செய்யும்போது, பள்ளி தன் பங்கைச் செய்தாலன்றிப் பயனீட்டாளர் என்னும் பெயர் நமக்குப் பொருந்தாது.