மண்ணையும் கூடவே கொண்டு போனவர்கள்: தொட்டிக் கேரட்டின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

இந்த எபிசோடை என் சொந்த வெட்கக்கேடு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

போன ஆவணியில் நாங்கள் வீடு மாறினோம். மடிப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம். பீரோ, வாஷிங் மெஷின், என் மானிட்டர் எல்லாம் குட்டி யானையில் ஏற்றியாச்சு. அப்போதுதான் அம்மா மொட்டை மாடியிலிருந்து 11 மண் பைகளை இறக்கச் சொன்னாங்க. டிரைவர் அண்ணன் என்னைத்தான் பார்த்தார். "மண்ணையுமா சார் ஏத்தணும்? போற இடத்துல மண்ணே கிடையாதா?"

எனக்கு முகம் சுண்டிப் போச்சு. "விட்டுடலாம்மா, புதுசா வாங்கிக்கலாம்" என்றேன். அம்மா அசையவே இல்லை. "அது கடை மண்ணு. இது நாலு வருஷமா நான் செஞ்ச மண்ணு" என்றாங்க. இரண்டாவது ட்ரிப்புக்குத் தனியாக 800 ரூபாய் கொடுத்தேன். கோபத்தோடுதான் கொடுத்தேன்.

புது வீட்டில் அடுத்த சிக்கல். ஓனர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கனமான பை வேண்டாம், தளத்துல ஓதம் இறங்கும்" என்றார். கடைசியில் அரை அடி ஆழமுள்ள டிரேக்களுக்கு ஒத்துக்கொண்டார். கீரைக்கு அது போதும். ஆனால் நான் 2 வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்த பயிர் கேரட். ஒரு அடி ஆழப் பையிலேயே எனக்கு இரண்டு கால் முளைத்த கேரட்தான் வந்தது. அரை அடியில் என்ன வரும்? அதைத் தேடப் போய்த்தான் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரத்தில் போய் நின்றேன்.

அதற்கு முன்னால் கேரட்டின் பூர்வீகம் கொஞ்சம். காட்டுக் கேரட்டின் வேர் வெளுத்து, ஒல்லியாக, நார் நாராக இருக்கும். மத்திய ஆசியாவில், இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்தில், சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னால் அதைப் பயிராக்கினார்கள். அப்போது அதன் நிறம் ஊதா அல்லது மஞ்சள். ஆரஞ்சு நிறம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நெதர்லாந்து பக்கம் நிலைபெற்றது. அந்த ஊர் ராஜ வம்சத்தைக் கௌரவிக்கத்தான் ஆரஞ்சு ஆக்கினார்கள் என்று ஒரு கதை இணையம் முழுக்க உலாவுகிறது. அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் அதற்குக் கிடையாது. நமக்கு இங்கே முக்கியம் வேறொன்று. அந்த டச்சுக் கேரட்டுகளில் நீளமானதும் இருந்தது, குட்டையானதும் இருந்தது. குட்டை ரகத்துக்கு 'ஹார்ன்' என்று பெயர். ஹோர்ன் என்ற டச்சு ஊரின் பெயரால் வந்தது என்பார்கள்.

சரி, இப்போ பாரிஸ். அங்கே நகரத்துக்கு உள்ளேயும் ஓரத்திலும் காய்கறி போட்ட விவசாயிகளுக்கு 'மரேஷே' என்று பெயர். சதுப்பு நிலம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. பல பேருடைய நிலம் குத்தகை நிலம், அளவும் சின்னது. ஆனால் அவர்களிடம் ஒரு பெரிய செல்வம் இருந்தது: குதிரை லத்தி. ஊர் முழுக்கக் குதிரை வண்டிகள் ஓடிய காலம். லாயத்தில் வைக்கோலோடு சேர்ந்து கிடப்பதை வாரிக்கொண்டு வந்து பாத்தியாக அடுக்கி மிதிப்பார்கள். அது மக்கும்போது சூடு கிளம்பும். அதன் மேல், பழைய பாத்திகளில் முழுசாக மக்கிக் கறுத்துப்போன எருவை ஒரு மெல்லிய அடுக்காகப் பரப்புவார்கள். சுற்றிலும் மரச் சட்டம், மேலே கண்ணாடி மூடி. வெளியே குளிர் கொல்லும்போது உள்ளே கேரட் முளைக்கும். மொரோ, தாவெர்ன் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் 1845இல் இந்த வேலையை ஒரு புத்தகமாகவே எழுதி வைத்தார்கள்.

இதில் ஒரு இடைஞ்சல் உண்டு. கேரட்டுக்கு ஆணிவேர்தான் காய். அந்த வேரின் நுனி பாதி மக்கிய லத்தியிலோ கல்லிலோ முட்டினால் கிளை பிரிந்துவிடும். நல்ல மண் இருப்பது மேல் அடுக்கில் மட்டும்தான். ஆக, நீளக் கேரட்டுக்கு அங்கே வேலையில்லை.

என் தொழிலில் இதே மாதிரி ஒரு நிலைமை அடிக்கடி வரும். ஒரு ஆப் சின்ன போனில் ஓடவில்லை என்றால், "பெரிய போன் வாங்குங்க" என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆப்பைத்தான் சுருக்க வேண்டும். அங்கேயும் அதுதான் நடந்தது. மண்ணின் ஆழத்தைக் கூட்ட வழியில்லை, அதனால் கேரட்டைக் குட்டையாக்கினார்கள். குட்டையாக, சீக்கிரம் திரள்கிற வேர்களைப் பொறுக்கி விதைக்கு விட்டார்கள். கேரட் இரண்டாவது வருஷம்தான் பூக்கும். அதனால் ஒரு சுற்றுத் தேர்வுக்கே 2 வருஷம்.

வில்மோரின் என்ற பிரெஞ்சு விதை நிறுவனம் 1883இல் வெளியிட்ட காய்கறி நூலில் ஒரு ரகம் இருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், 'சட்டப் பாத்திக்கான மிகக் குட்டைச் சிவப்புக் கேரட்'. பெயரிலேயே அது எந்தப் பெட்டிக்காக உருவானது என்று எழுதியிருக்கிறது! இந்த உருண்டைக் கேரட்டுக்கு இன்னொரு செல்லப் பெயர் 'க்ரெலோ'. சலங்கை மணி என்று அர்த்தம். இன்று 'பாரிஸ் மார்க்கெட்' என்ற பெயரில் ஆன்லைனில் விதை கிடைக்கிறதே, அது இந்த உருண்டைக் குடும்பம்தான். தொட்டிக் கேரட் நம் அபார்ட்மென்ட் காலத்துப் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆழமில்லாத மண்ணில் பிழைப்பு நடத்தியவர்கள் விட்டுச் சென்ற சொத்து.

இப்போ நான் எபிசோடின் ஆரம்பத்தில் சொன்ன வெட்கத்துக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தில் நாடு கடந்து வாழ்ந்த ரஷ்யப் புரட்சியாளர் க்ரொபோட்கின், இந்தத் தோட்டக்காரர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பொன்ஸ் என்ற ஒருவர் வெறும் 2.7 ஏக்கரில் வருஷத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல் கேரட் எடுத்த கணக்கு அதில் வருகிறது. நம் கணக்கில் 9 டன். அதுவும் கேரட் மட்டும். மற்ற காய்கள் தனி. இதையெல்லாம் விட என்னை நிறுத்தியது ஒரு சின்னத் தகவல். பாரிஸ் தோட்டக்காரர்கள் குத்தகைப் பத்திரத்தில் வழக்கமாக ஒரு நிபந்தனை போடுவார்களாம்: காலி செய்யும்போது, குறிப்பிட்ட ஆழம் வரை மண்ணை அள்ளிக்கொண்டு போகும் உரிமை எங்களுக்கு உண்டு என்று.

அதைப் படித்தபோது ராத்திரி 1 மணி இருக்கும். அம்மா தூங்கிட்டாங்க. நிலம் வேறொருவருடையது, ஆனால் மண் நாங்கள் செய்தது. இதை அவர்கள் பத்திரத்திலேயே எழுதி வாங்கினார்கள். என் அம்மா வாயால் சொன்னாங்க, நான் முகம் சுளித்தேன். என் வாடகை அக்ரிமென்ட்டை எடுத்துப் பார்த்தேன். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம் இருக்கிறது. மண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் தோட்டங்கள் நிலைக்கவில்லை. நகரம் வளர வளர அவை ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. குதிரைகளும் போயின. பாரிஸின் கடைசிக் குதிரை ஆம்னிபஸ் ஓடி முடிந்தது 1913இல். லத்தி இல்லை, சூட்டுப் பாத்தியும் இல்லை. விதை மட்டும் பிழைத்துக்கொண்டது.

அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். மேல் மண்ணில் கல்லும் பச்சைச் சாணமும் கூடாது. அம்மாவின் பழைய மண்ணைச் சலித்து, மக்கிய தொழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்தோம். நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது, நேரடி விதைப்புதான். கேரட் முளைக்க 2 வாரம் வரை ஆகும், அதுவரை மேல் மண் காயக் கூடாது. அவர்கள் கேரட்டோடு முள்ளங்கியையும் சேர்த்து விதைப்பார்கள். அது சீக்கிரம் முளைத்து, கேரட் பருக்கும் முன்பே அறுவடைக்கு வந்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு மகசூல். அவர்களுக்குச் சூடு தேவைப்பட்டது, நமக்குக் குளிர். அதனால் கார்த்திகையில் மழை விட்டதும் விதைத்தோம்.

தை கடைசியில் பிடுங்கினோம். ஒரு டிரேயில் 30 சொச்சம், எலுமிச்சை அளவு. சிலது வெடித்திருந்தது. ஒரு வேளைப் பொரியலுக்குச் சரியாக இருந்தது. இரண்டு கால் முளைத்தது ஒன்றுகூட இல்லை.

எங்கள் அக்ரிமென்ட் 11 மாதம். வர்ற ஆடியோடு முடிகிறது. இடத்தைப் பில்டருக்குக் கொடுக்கப் போவதாக ஓனர் பேசிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குப் பொரியல் பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டாங்க, "மறுபடியும் குட்டி யானையா?"

"மண்ணை முதல் ட்ரிப்லயே ஏத்திடலாம்மா" என்றேன்.